ஒரு பத்திச் செய்தி

பேர்ல் ஜாமின் ‘ஜெரமி’ வீடியோவை நான் முதலில் பார்த்தது ஹாஸ்டலில், பக்கத்து ரூம் அண்ணனின் லேப்டாப்பில். ஒரு பள்ளிக்கூடப் பையன். வீட்டில் கத்தல், வகுப்பில் கேலி. கடைசியில் சட்டையில்லாமல் வகுப்புக்குள் வருகிறான், டீச்சரிடம் ஒரு ஆப்பிளைத் தூக்கிப் போடுகிறான், கையை உயர்த்துகிறான். அடுத்த ஷாட்டில் மற்ற பிள்ளைகள் ரத்தம் தெறித்த சட்டையோடு உறைந்துபோய் இருக்கிறார்கள். “எல்லாரையும் போட்டுட்டான்டா” என்றார் அண்ணன். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

அவன் யாரையும் சுடவில்லை. தன்னைத்தான் சுட்டுக்கொண்டான். இயக்குநர் மார்க் பெல்லிங்டன் எடுத்ததில் துப்பாக்கி இருந்தது. எம்டிவி அதைக் காட்ட விடவில்லை, அந்த இடம் வெட்டப்பட்டது. பார்ப்பவர்கள் அதிர்ச்சியடையக் கூடாது என்று போட்ட வெட்டு, செத்துப்போனவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டது. 1993இல் ஆண்டின் சிறந்த வீடியோ என்று எம்டிவியே அதற்கு விருதும் கொடுத்தது. வெட்டாத வடிவத்தை இசைக்குழு வெளியிட 2020 ஆனது.

சென்சாரைத் திட்டுவது சுலபம். என்னைத் தொந்தரவு செய்வது அதற்கு முந்தின கேள்வி.

ஜெரமி நிஜப் பையன். 1991 ஜனவரி 8, டெக்சஸில் டாலஸுக்குப் பக்கத்து ரிச்சர்ட்சன் ஊர்ப் பள்ளி. வயது 15. செய்தித்தாளில் வந்த ஒரு சின்னப் பத்தியை எடி வெட்டர் படித்தார். அதோடு தன் பள்ளிக் காலத்தில் தெரிந்த இன்னொரு பையனின் ஞாபகத்தையும் கலந்து எழுதினார். இப்படிச் செத்துப் பழிவாங்கினால் மிஞ்சுவது பேப்பரில் ஒரு பத்திதான் என்பது அவர் சொல்ல வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் இரண்டு பையன்களைக் கலந்தவர், பெயரை மட்டும் ஒருவனுடையதாகவே விட்டுவிட்டார்.

அதனால் என்ன என்று கேட்கலாம். பெற்றோர் கவனிக்கவில்லை என்று பாட்டு சொல்கிறது. உலகம் முழுக்கக் கூட்டம் அதைச் சேர்ந்து பாடுகிறது. அந்தப் பெற்றோர் திருப்பிப் பதில் சொல்ல எந்த மேடை இருக்கிறது? அந்த வகுப்பில் அன்றைக்கு இருந்த ஒரு மாணவி, பாட்டு மேல் தனக்குக் கோபம் வந்ததாகப் பிற்பாடு சொன்னார். எழுதியவர் அங்கே இல்லையே என்பது அவர் ஆதங்கம். அம்மா 2018இல்தான் வெளியே பேசினார். அவன் செத்த அந்த ஒரு நாள் அவன் வாழ்க்கை அல்ல, அவன் மகன், சகோதரன், நண்பன், திறமைசாலி என்றார்.

கற்பனை செய்வது தப்பில்லை. நிஜப் பெயரோடு நடந்ததை எழுதுவதும் தப்பில்லை. நிஜப் பெயரில் கற்பனையை ஏற்றுவதுதான் எனக்கு இடிக்கிறது. (பெயர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்கு உயிரே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் சிக்கலே.)

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை கம்மி. காலேஜ் மூன்றாம் வருஷம் எங்கள் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு ஒரு பையன் இறந்துபோனான். பேப்பரில் நாலு வரி. நான் அதை வைத்து ஒரு கதை எழுதினேன். மார்க்குக்காக அடிக்கும் அப்பா, வாயே திறக்காத அம்மா, எல்லாம் நானாகப் போட்டது. பையன் பெயரை மாற்றவில்லை. அந்தப் பெயரில் ஒரு சோகம் இருந்ததாக எனக்குப் பட்டது. ஃபேஸ்புக்கில் நிறைய லைக். “கண்ணு கலங்கிருச்சு ப்ரோ” என்று வரிசையாக கமெண்ட்.

ரெண்டு வாரம் கழித்து ஒரு மெசேஜ். அவனுடைய அக்கா.

“தம்பி, நீங்க அவன பாத்திருக்கீங்களா?”

இல்லைங்கக்கா என்றேன்.

“எங்கப்பா அவன ஒரு நாள் கூட அடிச்சதில்ல. இப்ப தெருவுல எல்லாரும் அவர ஒரு மாதிரி பாக்குறாங்க.”

மன்னிப்புக் கேட்டேன், பெயரை உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், “அவன் கேரம் நல்லா ஆடுவான். அத யாரும் எழுதல” என்று மட்டும் வந்தது.

அன்றைக்கே கதையை அழித்தேன். அதற்குள் யாரோ பகிர்ந்த ஸ்க்ரீன்ஷாட் போன வருஷம் கூட ஒரு குரூப்பில் வந்தது, பெயரோடு. ‘ஜெரமி’யை இன்னும் கேட்கிறேன். கோரஸ் வரும்போது முன்னெல்லாம் கூடவே கத்துவேன், இப்போது வாய் திறப்பதில்லை.