பார்க்கும் முன் அங்கே என்ன இருந்தது?

யாரும் பார்க்காதபோதும் ஒரு பொருளின் குணம் அதனிடமே இருக்கிறதா? நையாயிகர்களும் பௌத்தர்களும் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்ட கேள்வி இது. வாதத்தைத் தவிர வேறு வழியில் இதை அணுக முடியாது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். இதன் ஒரு வடிவத்தையாவது கருவிகளால் சோதிக்கலாம் என்று 1964-இல் ஜான் பெல் காட்டினார். ஜோடிச் செருப்பை இரண்டு பெட்டிகளில் பிரித்து அனுப்பினால், ஒன்றில் இடது கால் இருப்பதைக் கண்டதுமே மற்றதில் வலது கால் என்று தெரிந்துவிடும். இதில் மாயம் ஏதுமில்லை, அனுப்பும்போதே முடிவான விஷயம். ஒரே மூலத்திலிருந்து கிளம்பும் இரண்டு ஃபோட்டான்களும் இப்படித்தான் என்பது ஐன்ஸ்டைன் தரப்பின் நம்பிக்கை. அது சரியென்றால், இரு பக்கமும் ஒளியின் தளவிளைவை அளக்கும் கருவியைத் தலா இரண்டு கோணங்களில் வைத்து, நான்கு சேர்க்கைகளிலும் விடைகள் ஒத்துப்போகும் அளவைக் குறித்த முறையில் கூட்டிக் கழித்தால், வரும் எண் 2-ஐத் தாண்டக்கூடாது. குவாண்டம் கொள்கையோ 2.83 வரை அனுமதிக்கிறது. பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் அலான் அஸ்பே குழுவினர் கால்சியம் அணுக்கள் உமிழ்ந்த ஒளியை அளந்து 1982-இல் வெளியிட்ட எண் ஏறத்தாழ 2.70. பிறகு 1998-இல் இன்ஸ்ப்ருக்கில் கருவிகளை 400 மீட்டர் விலக்கி, ஃபோட்டான்கள் வழியில் இருக்கும்போதே கோணங்களை மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் எல்லை மீறப்பட்டது.

உடனே, அத்வைதத்தை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று மேடையேறிச் சொல்பவர்கள் உண்டு. அவசரம்தான். அந்த எண் வீழ்த்தியது, குணங்கள் முன்கூட்டியே அந்தந்தப் பொருளில் பதிந்திருக்கின்றன, தொலைவிலிருந்து எதுவும் உடனே தீண்டாது என்ற இரண்டும் சேர்ந்த சித்திரத்தை. இவற்றில் எதைக் கைவிடுவது என்பதைச் சோதனை சொல்லவில்லை. டேவிட் போம் தொலைத்தீண்டலை ஏற்றுக்கொண்டு, துகளுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு என்பதைக் காப்பாற்றிக்கொண்டார். போதாததற்கு, அத்வைதியின் பிரம்மம் குணமும் பிரிவும் அற்றது. ஃபோட்டான்களின் ஒத்திசைவோ, தனித்தனி உணர்விகளின் பதிவுகளைப் பக்கத்தில் வைத்து எண்ணினால்தான் புலப்படும். ஒரு பக்கப் பதிவு மட்டும் வெறும் தற்செயல் போலவே தோன்றும். அதைக்கொண்டு ஒரு சொல்லைக்கூட மறுபக்கம் அனுப்ப முடியாது. பார்ப்பவரின் மனம்தான் உலகை உண்டாக்குகிறது என்பதற்கும் இங்கே சான்றில்லை. பதிவு செய்யும் வேலை முழுவதையும் மின்சுற்றுகளே பார்த்துக்கொள்கின்றன.

சோதனையின் முடிவுக்கே எதிரான, இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கருவியை எந்தக் கோணத்தில் வைப்பது என்ற தேர்வும் ஃபோட்டானின் குணமும் ஆதியிலேயே சேர்த்து விதிக்கப்பட்டிருந்தால்? ஆசீவகர்களின் நியதிக்கு மிக நெருங்கிய வாதம். லா பால்மா தீவில் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தொலைதூர குவேசார்களின் ஒளியே கோணங்களைத் தேர்ந்தெடுத்தது. இரண்டில் அருகிலிருந்த குவேசாரின் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 780 கோடி ஆண்டுகள். அப்போதும் எல்லை மீறப்பட்டதால், அத்தகைய முன்னேற்பாடு அதற்கும் முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும். நியதிவாதி இதற்கும் அசையமாட்டார். ஆதி என்றால் அதற்கும் முந்தியது என்பார். அவரை எந்தச் சோதனையும் மறுக்க முடியாது, உண்மைதான். ஆனால் அதே துணிவில், ஒரு மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கிப் போட்ட சீட்டும் நோயாளி பிழைப்பதும் சேர்ந்தே விதிக்கப்பட்டவை என்று சொல்லிவிடலாம். அதன்பின் எந்த மருந்து பலித்தது என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.