கையும் கணக்கும்

மனிதன் வெல்வது அந்த நேரத்துக் கைத்திறத்தாலா, அல்லது அதுவரை அவன் சேர்த்து வைத்திருக்கும் பலத்தாலா? இந்தக் கேள்வி மிகப் பழையது. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் கொடுத்து, இரண்டையும் ஒரே நூலுக்குள் குடிவைத்திருக்கிறது. "எல்லாம் தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்ட பாட்டிமார், அதே வாயால் "படுத்துக் கிடந்தால் சோறு வருமா?" என்று பேரனை எழுப்பியும் விட்டிருக்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்று தீர்த்துக்கொள்ளாமலே நாம் வாழ்ந்து பழகிவிட்டோம்.

இந்தக் கேள்வியை எனக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவை வீடியோ விளையாட்டுகள். கதை எழுதுகிறவனுக்குப் பிள்ளைகள் விளையாட்டில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். விளையாட்டின் விதிகளை வகுப்பவன் மனிதன். உலகம் இப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவன் உள்ளூர நினைப்பதெல்லாம் அந்த விதிகளில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தர்ம சாஸ்திரம் எழுதும்போது அவன் ஜாக்கிரதையாகப் பேசுகிறான். விளையாட்டுக்கு விதி எழுதும்போது மனம் விட்டுப் பேசுகிறான்.

இந்த விளையாட்டுகளில் சண்டையை நடத்த இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, இருவர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு. 1991-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' இதற்கு இலக்கணம் வகுத்தது என்று சொல்லலாம். திரையின் மேற்புறத்தில் இரண்டு கோடுகள்; அவைதாம் இருவருடைய உயிர். அடி விழ விழக் கோடு தேய்கிறது. மூன்று சுற்றில் இரண்டை வென்றவனுக்கு வெற்றி. அதில் நம் நாட்டு யோகி ஒருவரும் உண்டு, பெயர் தால்சிம். கையையும் காலையும் கயிறுபோல நீட்டி அடிப்பார், வாயால் நெருப்பு உமிழ்வார். யோகத்தைப் பற்றி ஜப்பானியர் என்ன எண்ணினார்களோ, தெரியவில்லை!

வேடிக்கை இருக்கட்டும். முக்கியமான விதி வேறு. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு கோடுகளும் முழுமையாக நிரம்பிவிடும். போன சுற்றில் அடித்தது, அடிபட்டது எதுவும் உயிர்க்கணக்கில் தொடர்வதில்லை. ஆயிரம் முறை வென்றவனும் இன்று கற்றுக்கொள்ள வந்தவனும் ஒரே அளவு உயிரோடுதான் நிற்க வேண்டும். பழைய அனுபவம் இருக்குமானால் அது விரல்களில் இருக்கவேண்டும். வேறெங்கும் அதற்கு இடமில்லை. நம் சிலம்பக் களமும் ஏறக்குறைய இதே நியாயத்தில் நிற்பதுதான். கம்பு சுழலத் தொடங்கிவிட்டால், ஆசானிடம் எத்தனை வருஷம் பயின்றாய் என்று அது கேட்பதில்லை. பயின்றது கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

2004-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நடந்த 'எவோ' போட்டியில் ஒரு சம்பவம். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' ஆட்டம். ஜப்பானியர் டைகோ உமெஹாராவுக்கு எதிரே அமெரிக்கர் ஜஸ்டின் வாங். உமெஹாராவின் உயிர்க்கோடு மயிரிழையாகத் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் எதிரியின் அடியைச் சாதாரணமாகத் தடுத்தால்கூட அந்தத் தடுப்பிலேயே மிச்ச உயிரும் போய்விடும். ஒரே வழிதான் பாக்கி. ஒவ்வோர் அடியும் வந்து விழும் கணத்தில், பின்வாங்காமல் அடியை நோக்கியே முன்னால் தள்ள வேண்டும். ஒரு வினாடியில் சிறு பின்னம் தவறினாலும் முடிந்தது. வாங் தொடுத்த பதினைந்து அடிகளையும் அவர் அப்படியே எதிர்கொண்டு, திருப்பி அடித்து அந்த ஆட்டத்தை வென்றார். கூடியிருந்தவர்கள் கூரை அதிரக் கத்தினார்கள். அதன்பின் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் தோற்றுப்போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய ஆட்டத்தின் பெருமை அடுத்த ஆட்டத்தில் ஒரு துளி உயிரைக்கூடக் கூட்டித் தரவில்லை. இந்த முறையின் அழகும் கொடுமையும் அதுதான்.

இரண்டாவது முறை, ஒரு பாத்திரத்தை ஏற்று நெடுங்கதையாக ஆடும் விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு மூலம். காகிதம், பென்சில், பகடை இவ்வளவுதான் அதற்குக் கருவி. ஒரு வீரன் எத்தனை அடி தாங்குவான் என்பதை எண்ணால் குறிக்கும் வழக்கத்தை ஆர்னெசன் கடற்போர் விளையாட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு கப்பல் மூழ்குமுன் எத்தனை குண்டடி தாங்கும் என்ற கணக்கு, மனித உடம்புக்கு மாறியது. இதில் சண்டைக்குச் சண்டை அனுபவப் புள்ளிகள் சேரும். சேரச் சேரப் படி உயரும். படி உயர்ந்தால் உயிர் கூடும், வாளின் வலிமை கூடும். 1986-இல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' இதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொண்டுவந்தது. அதில் கையின் வேகத்துக்கு வேலையில்லை. "அடி", "மந்திரம்", "ஓடு" என்ற சொற்களில் ஒன்றை நிதானமாகத் தேர்ந்தெடுத்தால் போதும். வீரன் மாண்டுபோனால் அரசன் முன் மறுபடி கண்விழிக்கிறான். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடும்; சேர்த்த அனுபவம் மட்டும் ஒரு துளியும் குறையாது.

இதைக் கேட்டதும் எனக்குப் பாரதம் நினைவுக்கு வந்தது. கர்ணனுடைய முடிவு அன்றைய வில் வித்தையால் மட்டும் தீர்மானிக்கப்பட்டதா? கவச குண்டலத்தோடு பிறந்தான், அதைத் தானமாகக் கொடுத்தான், பரசுராமரிடம் வித்தையும் சாபமும் சேர்த்தே பெற்றான். வரவும் செலவுமாக வாழ்நாள் முழுவதும் எழுதிவந்த பேரேடு, தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்த நேரத்தில் கூட்டிப் பார்க்கப்பட்டது. நம்முடைய கர்மக் கணக்கே இந்த இரண்டாவது முறைதான்.

சரி, இரண்டில் எது நியாயம்? புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த இந்தக் கேள்விக்கு மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் இரண்டு இளைஞர்கள் வேறொரு திசையைக் காட்டினார்கள். ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில், பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கல்லூரியில் படிக்கிறவன். மற்றவன் தகப்பனாரோடு கடலுக்குப் போகிறவன். கடலோடும் பிள்ளைக்குத்தான் கைச்சண்டை பிடிக்கும் என்று நீங்கள் எண்ணுவீர்கள். அதுதான் இல்லை.

"எனக்கு அந்தப் படி ஏறுற ஆட்டந்தான் சார் புடிக்கும்" என்றான் அவன். "அதுல ஒரு மணி நேரம் நின்னா, ஒரு மணி நேரத்துக்கு உண்டானது கணக்குல ஏறிடும். கடல்ல அப்படியா? ராவெல்லாம் கெடந்துட்டு வெறும் வலையோட வர்ற நாள் உண்டு."

படிக்கிறவன் சிரித்தான். "அதுல முன்னாடி வந்தவன் எப்பவும் பெரியவன்தான் சார். எனக்கு இதான் சரி. யார் வீட்டுப் புள்ளையா இருந்தாலும் கோடு முழுசா இருந்துதான் ஆரம்பம்."

இருவரும் விளையாட்டைப் பற்றிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தன் வாழ்க்கையில் எது இல்லையோ அதைத்தான் ஒவ்வொருவனும் விளையாட்டில் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறான். உழைப்புக்குக் கணக்கு இல்லாதவன் கணக்கை விரும்புகிறான். பின்னால் இருந்து ஓடத் தொடங்கியவன் சமமான தொடக்கத்தை விரும்புகிறான்.

அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் மரக்காணத்து உப்பளங்கள். பாத்தி பாத்தியாக உப்புநீர் வெயிலில் காய்கிறது. காலில் வெடிப்பும் கண்ணில் கூச்சமுமாகப் பெண்கள் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். விளைந்து நிற்கும் நேரத்தில் ஒரு கோடைமழை பெய்தால் பாத்தியில் உள்ளது கரைந்துபோகும். வடகிழக்குப் பருவமழை வந்தால் தொழிலே நின்று, பிறகு பாத்திகளைச் செப்பனிட்டு மறுபடி தொடங்க வேண்டும். "இருவது வருஷமா வார்றேன் சாமி. நேத்து வந்த பொண்ணுக்கும் எனக்கும் ஒரே கூலிதான்" என்றாள் ஒரு முதியவள். அவள் குரலில் குறைகூடத் தெரியவில்லை. வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். அவளுடைய இருபது வருஷம் எந்த ஏட்டில் அனுபவப் புள்ளியாக ஏறியிருக்கிறது? அவள் தோளிலும் முழங்காலிலும் ஏறியிருக்கிறது. அங்கேயும் வலிமையாக ஏறவில்லை, வலியாக ஏறியிருக்கிறது.

ஆகவே படி ஏறும் விளையாட்டு ஒரு கனவு. பாடுபட்டால் பலன் நிச்சயம் என்ற வாக்குறுதியை உலகம் காப்பாற்றாத இடத்தில், அந்த எண்கள் காப்பாற்றுகின்றன. சமமான தொடக்கமும் கனவுதான். கோடு இருவருக்கும் முழுமையாக இருக்கலாம். விரலைப் பழக்க ஓய்வு இருந்தவன் எவன், அந்திவரை வலை பின்னிவிட்டு வந்தவன் எவன் என்பதைத் திரை காட்டுவதில்லை.

கனவென்றால் இழிவு என்று நான் சொல்லவரவில்லை. கதை எழுதிப் பிழைப்பவன் அப்படிச் சொல்லலாமா? அந்தக் கனவுக்கும் விலை போடுகிறவர்கள் வந்துவிட்டார்கள் என்பதுதான் என் கவலை. இன்று கைப்பேசியில் கிடைக்கும் பல விளையாட்டுகளில், பணம் கொடுத்தால் வலிமையான ஆயுதமும் உயர்ந்த படியும் உடனே கிடைக்கின்றன. அங்கே உழைத்தவனுக்கும் மரியாதையில்லை, திறமையுள்ளவனுக்கும் மரியாதையில்லை. தப்பித்து ஓடிவந்த உலகமே விளையாட்டுக்குள் புகுந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறது.

சேர்த்த கணக்கையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். 2015-இல் டோபி ஃபாக்ஸ் என்பவர் 'அண்டர்டேல்' என்ற விளையாட்டை வெளியிட்டார். எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே அதை ஆடி முடிக்கலாம். கொன்று கொன்று படி ஏறுகிறவனிடம் கடைசியில் ஓர் உண்மை சொல்லப்படுகிறது: நீ சேர்த்தது அனுபவப் புள்ளி அல்ல, கொலைப் புள்ளி, உன் படி என்பது உன் கொடுமையின் அளவு. வலிமை கூடியது என்று மகிழ்ந்தவன், மனம் மரத்துப்போனதை அப்போதுதான் அறிகிறான். சேர்ப்பது மட்டும் போதாது, எப்படிச் சேர்த்தாய் என்பதும் கணக்கில் வர வேண்டும் என்று ஒரு விளையாட்டே சொல்லிவிட்டது.

இரண்டு முறைகளுக்கும் எட்டாத ஒன்றும் உண்டு. பாத்திரமேற்கும் விளையாட்டுகள் பலவற்றில் விஷம் என்பது சிறிய தொல்லை. முறைக்கு முறை சில எண்கள் குறையும். ஒரு பச்சிலையைத் தின்றால் தீர்ந்துவிடும். 2023 மே மாதத்தில் இதே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே பச்சிலை இல்லை, அடுத்த சுற்று இல்லை, அரசன் முன் கண்விழிப்பதும் இல்லை. போனவர்கள் போனபின் மறுநாள் அடுப்பை மூட்ட வேண்டிய பொறுப்பு வீட்டில் மிஞ்சியவர்கள்மேல் விழுந்தது. நிரம்பாத கோட்டோடு, ஏறாத கணக்கோடு, அவர்கள் எழுந்துதான் ஆகவேண்டும். அந்த எழுச்சிக்குப் புள்ளி போட எந்த விளையாட்டுக்கும் தெரியாது.

கையா, கணக்கா என்ற கேள்விக்கு நான் இப்போது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விரும்பவில்லை. கை மட்டுமே போதும் என்கிற சமூகம், இளைத்தவனையும் முதியவனையும் ஒரே அடியில் வீழ்த்திவிட்டு அதைத் திறமை என்று கொண்டாடும். கணக்கு மட்டுமே போதும் என்கிற சமூகம், பாட்டன் சேர்த்ததைப் பேரனுக்குக் கவசமாக மாட்டிவிட்டு அதைத் தகுதி என்று அழைக்கும். தொடங்குமிடத்தில் எல்லோருக்கும் கோடு நிரம்பியிருக்க வேண்டும் என்பது அந்தப் படிக்கிற பையனின் நியாயம். நின்று உழைத்த நேரம் வீண்போகக் கூடாது என்பது அந்தக் கடலோடியின் நியாயம். ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்த இரண்டு நியாயங்களும் வெளியே வந்து ஓர் ஊரை ஆளுமானால், உப்பளத்து முதியவளுக்கு இருபது வருஷத்தின் கூலியில் ஒரு பகுதியாவது வந்து சேரும்.