பட்டறிவும் தலைமையும்

அனுபவம் என்னும் பொருளைக் குறிப்பதற்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் பட்டறிவு என்பது ஆழ்ந்த பொருளுடையது. படுதல், அறிதல் ஆகிய இரு வினைகள் அதில் இணைந்து நிற்கின்றன. உலக வழக்கில் இவ்விரண்டும் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன. பட்டவன் அறிந்தவனாவான் என்பது பொதுவான நம்பிக்கை. தலைமை பற்றிய சிந்தனையிலும் இந்நம்பிக்கை ஆழ வேரூன்றியுள்ளது. சிறை சென்றவரும், அடிபட்டவரும், உற்றாரை இழந்தவரும் அத்துன்பங்களினாலேயே மக்களை வழிநடத்தும் தகுதியைப் பெற்றுவிடுகின்றனர் எனக் கருதப்படுகின்றது. இக்கருத்து எவ்வளவு தூரம் ஏற்புடையது? துன்பம் தானாகவே ஒருவருக்குத் தலைமையின் பொருளை உணர்த்திவிடுமா? அன்றி, படுதலுக்கும் அறிதலுக்கும் இடையே மனிதன் கடக்கவேண்டிய தூரம் ஏதேனும் உண்டா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஆபிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் தோன்றிய இரு தலைவர்களின் வாழ்க்கை பெரிதும் துணைபுரியும். ஒருவர் தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலா. மற்றவர் சிம்பாப்வேயின் றொபேட் முகாபே. 1918ஆம் ஆண்டிற் பிறந்த மண்டேலாவும் 1924ஆம் ஆண்டிற் பிறந்த முகாபேயும் வெவ்வேறு காலங்களில் போட் ஹெயர் கல்லூரியிலே கல்வி பயின்றவர்கள். இருவரும் சிறுபான்மை வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தமையாற் சிறைப்பட்டனர். மண்டேலா 27 ஆண்டுகளையும் முகாபே ஏறத்தாழப் 10 ஆண்டுகளையும் சிறையிற் கழித்தனர். இருவருமே சிறையிலிருந்தவாறு இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராயினர். 1966ஆம் ஆண்டில் முகாபேயின் சின்னஞ்சிறு மகன் கானா நாட்டிலே மலேரியாக் காய்ச்சலால் இறந்தபோது, ஈமச்சடங்கிற் பங்குபற்றத் தந்தைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டில் மண்டேலாவின் மூத்த மகன் வீதி விபத்தொன்றிலே உயிரிழந்தார். அப்போதும் தந்தைக்கு அதே மறுப்பே கிடைத்தது. தன் பிள்ளையின் உடலுக்கு அருகே நிற்கும் உரிமையையும் இழப்பதினும் கொடிய அனுபவம் ஒரு மனிதனுக்கு இல்லை எனலாம்.

துன்பமே தலைமையைக் கற்பிக்கும் ஆசிரியர் எனின், ஒரே பாடத்தைக் கற்ற இவ்விருவரும் ஏறத்தாழ ஒரே வகையான தலைவர்களாய் விளங்கியிருத்தல் வேண்டும். வரலாறு அவ்வாறு அமையவில்லை.

1980ஆம் ஆண்டிற் சுதந்திர சிம்பாப்வேயின் பிரதமராகப் பதவியேற்ற முகாபே, பழைய பகைமையை மறந்து ஒன்றுபடுமாறு நாட்டு மக்களை அழைத்தார். வெள்ளையர் சிலருக்கு அமைச்சரவையிலும் இடமளித்தார். கல்வியை விரிவாக்குவதில் அவருடைய அரசு ஆற்றிய பணியும் மறுத்தற்குரியதன்று. ஆயின், விசாரணையின்றித் தடுத்துவைக்கப்படுதலின் கொடுமையைத் தம் உடலால் உணர்ந்த அதே மனிதரின் ஆட்சியில், முன்னைய ஆட்சியாளர் 1965ஆம் ஆண்டிற் பிறப்பித்த அவசரகாலநிலை 1990ஆம் ஆண்டு வரை மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு முதல் மட்டபெலிலாந்துப் பகுதியில் இராணுவத்தின் ஐந்தாம் படையணி மேற்கொண்ட நடவடிக்கைகளில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டனர். தமக்கு மறுக்கப்பட்ட ஈமச்சடங்கை அங்கே எத்தனையோ தந்தையருக்கு அவருடைய அரசே மறுத்தது. 37 ஆண்டுகள் ஆட்சிசெய்த பின்னர், 2017ஆம் ஆண்டில், தமது 93ஆவது வயதில், இராணுவமும் சொந்தக் கட்சியும் நெருக்கியதனாலேயே அவர் பதவி துறந்தார்.

மண்டேலா 1994ஆம் ஆண்டில் ஜனாதிபதியானார். மறு ஆண்டில், அவர் பிறப்பித்த பிரகடனங்கள் சிலவற்றை அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லுபடியற்றவையெனத் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்பை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். 1999ஆம் ஆண்டில், ஒரேயொரு பதவிக்காலம் முடிந்ததும், எவரும் வற்புறுத்தாமலே விலகிச் சென்றார். நீதியற்ற சட்டத்தின் கீழ் வாழ்நாளின் பெரும்பகுதியை இழந்த ஒருவர், தமது கையிலுள்ள அதிகாரத்துக்கும் எல்லையுண்டு என்பதை ஏற்றமை சிந்திக்கத்தக்கது.

இவ்வேறுபாட்டுக்கு ஒரேயொரு காரணத்தைக் காட்டுதல் எளிதன்று. மனித உள்ளத்தின் ஆழத்தை வரலாற்று நூல்கள் முழுமையாக அளந்துவிட முடியாது. ஆயினும், துன்பத்தை ஒருவர் எவ்வகை வினாவாக மாற்றிக்கொள்கின்றார் என்பது அவருடைய செயல்களிலே வெளிப்படுகின்றது. "இதனை எனக்குச் செய்தவர் யார்?" என்பது ஒரு வினா. "இதனை ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்யக்கூடியதாக இருப்பது எவ்வாறு?" என்பது மற்றொரு வினா. முதலாவது வினாவுக்குரிய விடை ஒரு பகைவனின் பெயர். அப்பெயருக்குரியவன் வீழ்ந்தவுடன் வினாவும் முடிந்துவிடுகின்றது. அவன் வகித்த அதிகாரம் கைமாறுகின்றதேயன்றி இயல்பு மாறுவதில்லை. இரண்டாவது வினாவோ அதனைக் கேட்பவரையும் உள்ளடக்குவது. நாளை அதிகாரம் தன்னிடம் வருமாயின் தானும் அதனையே செய்யக்கூடும் என்னும் அச்சத்தை அது தோற்றுவிக்கின்றது. அந்த அச்சமே தலைமைக்குரிய அறிவின் தொடக்கம் எனலாம்.

றொபின் தீவுச் சிறையிலே மண்டேலா தம்மை அடக்கியாண்டோரின் மொழியாகிய ஆபிரிக்கான்ஸைக் கற்றார். அவர்களுடைய வரலாற்றையும் பயின்றார். எதிராளியோடு பேசுவதற்கு அது பயன்படும் என்னும் அரசியற் கணிப்பு அதில் இருந்தது உண்மையே. எனினும், ஒருவனுடைய மொழியைக் கற்பவன் அவனுடைய அச்சங்களையும் கற்கின்றான். சிறைக்காவலனும் ஓர் அமைப்பினால் உருவாக்கப்பட்டவன் என்பதை உணர்வதற்கு அக்கல்வி துணைசெய்தது. இங்கே படுதல் அறிதலாக மாறியது தானாக நிகழ்ந்ததன்று. நீண்டகால முயற்சியின் விளைவாகவே நிகழ்ந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இருவருடைய நாடுகளின் நிலைமைகளும் வேறுபட்டவை. ஒன்றிற் பேச்சுவார்த்தை மூலமும் மற்றொன்றில் ஆயுதப் போரின் பின்னரும் ஆட்சி மாறியது. எனவே தனிமனிதரின் அனுபவத்துக்கு மிகையான முக்கியத்துவம் அளித்தல் தகாது என வாதிடலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், அது இங்கு கூறப்பட்ட கருத்தை மறுப்பதற்கு மாறாக அதனை மேலும் தெளிவாக்குகின்றது. அனுபவத்தின் பொருளை எவரும் தனித்திருந்து கண்டுகொள்வதில்லை. மண்டேலாவுடன் சிறையில் இருந்த வோல்டர் சிசுலு, அஹமட் கத்ராடா போன்றோர் அவரோடு வாதிடவும் அவரை மறுக்கவும் கூடியவர்கள். 1985ஆம் ஆண்டில் அவர் தனித்து அரசுடன் தொடர்புகொள்ள முற்பட்டார். அதனைப் பின்னர் அறிந்த தோழர்கள் எல்லோரும் அம்முயற்சியை ஏற்றுவிடவில்லை. அவர்களுடைய ஐயங்களுக்கு அவர் விடைகூற வேண்டியிருந்தது. முகாபேயைச் சூழவோ, ஆண்டுகள் செல்லச்செல்ல, மறுத்துரைப்போரின் தொகை குறைந்துகொண்டே வந்தது. வள்ளுவர் அரசியல் கூறுமிடத்துக் கேள்விக்கும் பெரியாரைத் துணைக்கோடலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை இங்கு நினைவுகொள்ளத்தக்கது. கேட்பாரும் இடித்துரைப்பாரும் அற்ற இடத்திலே அனுபவம் அறிவாக முதிர்வதில்லை, பிடிவாதமாக இறுகிவிடுகின்றது.

மேலும், எத்துணை ஆழமானதாயினும் ஒருவருடைய அனுபவம் எல்லைக்குட்பட்டதே. மண்டேலா இளமையில், தெம்பு மக்களின் அரசுப் பொறுப்பை வகித்த ஜொங்கின்தாபாவின் இல்லத்திலே வளர்ந்தார். அங்கு கூடிய அவையில் யாவரும் பேசி முடியும்வரை தலைவர் வாய்திறவாதிருந்ததைக் கண்டே தாம் தலைமையின் இயல்பைக் கற்றதாக அவர் தமது சுயசரிதையிற் குறிப்பிட்டுள்ளார். அதே அவையிற் பெண்களுக்குப் பேசும் உரிமை இருக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கற்பித்த களத்திலேயே குறையும் இருந்தது. அவ்வாறே, அவர் ஜனாதிபதியாயிருந்த காலத்தில் எயிட்ஸ் நோய் நாடெங்கும் பரவியபோது, அதனைத் தடுக்கப் போதியன செய்யவில்லை எனப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். 2005ஆம் ஆண்டில் அவருடைய மற்றொரு மகன் அந்நோயினால் இறந்தார். பிறர் மறைக்க விரும்பிய அக்காரணத்தை அவர் உலகறியக் கூறினார். நிறவெறியின் கொடுமையை உடனே உணர்ந்த உள்ளம், தான் பட்டறியாத ஒரு துன்பத்தின் முன் தாமதித்தே விழித்தது. இதனைக் குற்றச்சாட்டாகக் கொள்வதினும் எச்சரிக்கையாகக் கொள்ளுதலே தகும். எல்லாத் துன்பங்களையும் தானே பட்டு அறியுமளவுக்கு எவருக்கும் வாழ்நாள் போதாது. ஆகவே, பிறர் பட்டதைக் கேட்டு அறியும் ஆற்றல் இல்லாதவருக்குத் தாம் பட்டது மட்டும் போதுமானதன்று.

இது தொலைதூர நாடுகளுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. போரும் இடப்பெயர்வும் சிறையும் காணாமற்போதலும் பல தலைமுறைகளைத் தீண்டிய இலங்கையிலே, துன்பம் அநேகமாக ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நின்று சென்றுள்ளது. இத்தகைய சமூகத்தில் "நான் பட்டவன்" என்னும் கூற்றுக்குத் தனி வலிமையுண்டு. அக்கூற்றைக் கேட்போர் தலைவணங்குதல் இயல்பு. அது மனிதப் பண்புமாகும். ஆனால் அனுதாபம் வேறு, அதிகாரம் வேறு. பட்டவருக்குச் சமூகம் கடன்பட்டுள்ளது. அக்கடன் நீதியினாலும் ஆறுதலினாலும் நினைவுகூர்தலினாலும் தீர்க்கப்படவேண்டியது. கேள்வியற்ற அதிகாரத்தை ஒருவர் கையில் ஒப்படைப்பதனால் அது தீர்வதில்லை. அவ்வாறு ஒப்படைக்கும்போது, பட்ட ஏனையோரின் குரலே முதலில் அடங்கிப்போகின்றது.

ஆகவே, தலைமையை நாடி வருவோரிடம் "நீர் எவ்வளவு பட்டீர்?" என வினவுதலோடு சமூகம் நின்றுவிடலாகாது. "பட்டதனால் யாருடைய துன்பத்தை அறிந்தீர்? உமக்குச் செய்யப்பட்டவற்றுள் எதனை நீர் இன்னொருவருக்குச் செய்யமாட்டீர்? உம்மை மறுப்போருக்கு உமது அருகில் இடமுண்டா?" எனவும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்குச் சொல்லால் விடையளித்தல் எளிது. 1980ஆம் ஆண்டில் முகாபே அளித்த விடையும் நல்ல விடையே. ஆதலால், இவை ஒருமுறை கேட்டு முடிக்கப்படும் வினாக்களல்ல. தலைமை நீடிக்கும் காலமெல்லாம் கேட்கப்படவேண்டியவை. அவற்றைக் கேட்கும் துணிவுள்ள மக்களிடையேதான் ஒரு தலைவரின் பட்டறிவு அவருக்கும் பிறருக்கும் பயன்படும் அறிவாக நிலைபெறுகின்றது.