வீடு யாருக்குச் சொந்தம்?

உறுதியில் பெயர் உள்ளவருக்கே வீடு சொந்தம் என்கிறது சட்டம். ஆனால், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களுள் பலர் திரும்பி வந்து கண்டது என்ன? கையில் உறுதி இருந்தது. முற்றத்தில் பற்றை, சுவரில் ஆலங்கன்று, வேலியில் கதியால் மட்டும். குண்டு விழாத வீடும் பாழாய்க் கிடந்தது. பார்ப்பார் இல்லாததே காரணம்.

காலையில் முற்றம் கூட்டுதல், மாரிக்கு முன் உடைந்த ஓடு மாற்றுதல், ஆண்டுதோறும் வேலி அடைத்தல் ஆகியவையே கட்டடத்தை வீடாக்குகின்றன. இவ்வேலைக்கு முடிவுமில்லை, புகழுமில்லை. ஆயினும் இதுவே அன்பின் அன்றாட வடிவம்.

அவ்வன்பை அம்மா ஒருவரின் தலையில் சுமத்துவது நீதியாகுமா? வீடு எல்லோருக்கும் உரியதெனில், விளக்குமாறும் எல்லோருக்கும் உரியதே. தம்பிமாரே, நாளைக் காலை முற்றத்தை நீங்கள் கூட்டுங்கள். அன்று அவ்வீடு உங்களுக்கும் சொந்தமாகும்.