ஆகுமான வேட்டையும் அடைபட்ட காடும்

உலகில் நாம் அனுபவிக்கும் பொருள்கள் யாவும் அல்லாஹ்வின் உடைமை. நம் கையில் அவை அமானிதம். இதை நாம் அனைவரும் வாயால் சொல்லி வருகிறோம். ஆனால் நெடுநாள் அனுபவித்த ஒன்று கையை விட்டுப் போகும்போதுதான், அதை அமானிதமாக வைத்திருந்தோமா, சொந்தச் சொத்தாக எண்ணியிருந்தோமா என்பது நமக்கே தெரிய வருகிறது.

வியாசர்பாடியில் வாழும் பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். 1960-களில் அவர் சிறுவராக இருந்தபோது, அவருடைய அத்தாவும், துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த நண்பர்களும் ஊத்துக்கோட்டைக்கு அப்பாலுள்ள மலையடிவாரத்துக்கு மான் வேட்டைக்குப் போவார்களாம். காட்டோரத்தில் துண்டை விரித்து சுபுஹு தொழுததும், பிஸ்மில்லாஹ் கூறி அறுத்த இறைச்சியைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பங்கிட்டதும் இன்றும் அவர் கண்ணில் நிற்கின்றன. பிறகு அந்தக் காடு அவர்களுக்கு அடைபட்டுவிட்டது. "ஹஜ்ரத், அல்லாஹ் ஹலாலாக்கிய வேட்டையை மனிதர்கள் போட்ட சட்டம் தடுக்கலாமா? யாராவது ரகசியமாக மான் கறி கொண்டுவந்தால் வாங்கிச் சாப்பிடலாமா?" என்பதே அவர் கேள்வி. இது இன்னும் பல வீடுகளில் எழக்கூடிய கேள்வியாதலால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காடு ஏன் அடைபட்டது?

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. தொடக்கத்தில் சில விலங்குகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாட அதில் இடமிருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அந்த வழியையும் மூடிவிட்டது. இதற்கிடையே 1978-ல் கிண்டி தேசியப் பூங்காவாயிற்று. பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. கொருக்குப்பேட்டையில் ரயிலேறி, பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு போகிறவர் இன்று பறவைகளைப் பார்க்கலாம், சுட முடியாது.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் சமவெளியெங்கும் கூட்டம் கூட்டமாகத் திரிந்த வெளிமான், இன்று தமிழகத்தில் கிண்டி, கோடியக்கரை, வல்லநாடு, சத்தியமங்கலம் போன்ற சில இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது. வெளிமானைத் துரத்திப் பிடித்து வாழ்ந்த சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது. வில்லும் வேட்டை நாயும் இருந்த காலத்தில் மானுக்குத் தப்பியோட வழி இருந்தது. ஜீப்பும் துப்பாக்கியும் இரவில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் வந்தபின் அந்த வழி அடைபட்டது. மானுக்குத் தப்ப வழியில்லாமல் போனதால்தான் மனிதனுக்குக் காடு அடைபட்டது என்பதை நாம் முதலில் உணர வேண்டும்.

இரு கூட்டத்தாருக்கு வந்த சோதனை

வேட்டை ஆகுமானதே, இதில் ஐயமில்லை. பழக்கிய வேட்டை நாய் பிடித்ததையும் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணத் திருமறை அனுமதிக்கிறது. ஆயினும் அதே திருமறை, எதிரே நிற்கும் வேட்டைப் பிராணியைக் கொண்டே அல்லாஹ் மனிதர்களைச் சோதித்த இரு நிகழ்ச்சிகளை எடுத்துரைக்கிறது.

ஒன்று, கடலோர ஊரில் வாழ்ந்த பனூ இஸ்ராயீலர்களின் வரலாறு. சனிக்கிழமை அவர்களுக்கு மீன்பிடிப்பு விலக்கப்பட்டிருந்தது. அன்றுதான் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து துள்ளின. மற்ற நாட்களில் வரவில்லை. அவர்களில் ஒரு கூட்டத்தார் வரம்பை மீறினர். அவர்கள் முதல் நாளே வலை விரித்து, மறுநாள் அள்ளிக்கொண்டதாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகின்றனர். சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் கருத்தைக் கொன்ற அக்கூட்டத்தார் இழிவுக்குள்ளானார்கள்.

மற்றொன்று, ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் நடந்தது. சஹாபாப் பெருமக்கள் இஹ்ராம் அணிந்திருந்தார்கள். வேட்டைப் பிராணிகளோ கையாலும் ஈட்டியாலும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அவர்களைச் சுற்றி வந்தன. மறைவிலும் தன்னை அஞ்சுவோர் யார் என்பதை வெளிப்படுத்தவே அல்லாஹ் இவ்வாறு சோதித்தான். அவர்கள் கை நீட்டவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மீனும் மானும் தம்மளவில் ஹலாலானவையே. ஹலாலான பொருளைக் குறித்த காலத்திலும் குறித்த இடத்திலும் தொடாமலிருப்பதே அங்கு வணக்கமாயிற்று. மக்காவின் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. மதீனாவுக்கும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அத்தகைய புனித எல்லை வகுத்தார்கள். அங்கு மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டவும் மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். ஆகவே, "ஹலால்தானே" என்ற ஒரு சொல்லே எல்லா இடத்துக்கும் போதுமான ஆதாரமாகிவிடாது.

"அது அல்லாஹ் வகுத்த எல்லை, இது மனிதர் வகுத்தது" என்று சிலர் கூறலாம். உண்மைதான், இரண்டும் ஒரே தரமல்ல. ஹலாலை ஹராமாக்க எந்த அரசுக்கும் அதிகாரமில்லை. ஆனால் ஆகுமான ஒரு செயலைப் பொது நலன் கருதித் தடுத்து வைப்பது வேறு. அத்தடையில் பாவமேதும் இல்லாதவரை அதற்குக் கட்டுப்படுவது நம் கடமை. சூரத்துல் மாயிதாவின் முதல் வசனம், ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோரை ஏவி, அதே மூச்சில் இஹ்ராமில் வேட்டையை விலக்குகிறது. ஒரு நாட்டின் பாதுகாப்பில் வாழ்வதும் ஓர் ஒப்பந்தமே. யாரும் பார்க்கவில்லை என்பதால் அது முறிந்துவிடாது.

வேலி யாருக்காக?

இனி, வேலி போடுகிறவர்களுக்கும் மார்க்கம் சொல்வதுண்டு. அறியாமைக் காலத்தில் அரபுத் தலைவன் ஒருவன் மேட்டில் நின்று தன் நாயைக் குரைக்கச் செய்வான். குரைப்பு கேட்கும் தொலைவு வரை மேய்ச்சல் நிலம் அவனுக்கே என்றாகிவிடும். இந்த வழக்கத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். அடைத்து வைக்கும் நிலம் அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே உரியது என்றார்கள். அதாவது, தனி மனிதரின் வசதிக்காக நிலத்தை அடைக்கலாகாது. பொது நன்மைக்காக அடைக்கலாம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவ்வாறு அடைத்த நிலத்துக்கு ஹுனை என்பவரைக் காவலராக வைத்தார்கள். அவருக்கு இட்ட கட்டளை புகாரி ஷரீஃபில் உள்ளது. அநீதிக்குள்ளானவனின் துஆவுக்கு அஞ்சும்படி எச்சரித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உள்ள ஏழையை உள்ளே விடச் சொன்னார்கள். இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை மட்டும் விடவேண்டாம் என்றார்கள். அச்செல்வர்களின் கால்நடை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் பயிரும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வாசலில் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எளிது. இதுவே அவர்கள் கூறிய காரணம். சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற இரு பெரும் சஹாபிகளையே நிறுத்திவிட்டு ஏழைக்கு வழிவிட்ட நீதி இது!

இந்த அளவுகோலை நம் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்போம். நம் வட்டாரத்து இருளர் மக்கள் பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். 1972-ன் சட்டமும் அதன்பின் 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அவர்கள் அடுப்பை அணைத்தன. நல்லவேளையாக 1978-ல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுத்துவிட்டு உயிரோடு காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து செய்யும் மருந்து பாம்பு கடித்தவரின் உயிரைக் காக்கிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு வாசலை அடைப்பவர் இன்னொரு வாசலைத் திறக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எண்ணூரிலோ நிலைமை வேறு. அனல் மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் பரவியது. மீனவரின் வலை வெறுமையாயிற்று. ஏழையின் வலைக்கும் பொறிக்கும் உள்ள கட்டுப்பாடு பெரிய தொழிற்கூடங்களின் கழிவுக்கும் இருந்தால்தான் அது நீதி.

நம் பதில்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவருடைய வருத்தத்தை நாம் குறை கூறமாட்டோம். தந்தையோடு நடந்த காட்டை நினைத்து ஏங்குவது பாவமல்ல. ஆனால் இருளர் இழந்தது கஞ்சி. அவர் வீட்டார் இழந்தது ஒரு மகிழ்ச்சி. கஞ்சியை இழந்தவருக்கு நாம் நீதி கேட்க வேண்டும். மகிழ்ச்சியை இழந்தவர் பொறுமை கொள்ள வேண்டும். வேட்டையின் பின்னாலேயே ஓடுகிறவன் கவனமிழந்து விடுகிறான் என்ற கருத்தில் ஹதீஸ் ஒன்றும் உண்டு. பசிக்காக அன்றி வெறும் விளையாட்டுக்காக உயிரைக் கொல்வதை நம் மார்க்கம் விரும்பவில்லை.

ரகசியமாக வரும் மான் கறியைப் பொறுத்தவரை, அறுத்த முறை மட்டுமே கேள்வியல்ல; அது வந்த வழியும் கேள்வியே. யார் சுட்டது, பிஸ்மில்லாஹ் கூறப்பட்டதா, உயிரோடிருக்கையில் அறுபட்டதா என்பதை விற்பவன் வாய்ச்சொல்லால் நாம் எப்படி அறிவோம்? அதற்கு மேல், பிடிபட்டால் சிறையும் குடும்பத்துக்கு இழிவும் வரும். தன்னைத்தானே இழிவுக்குள்ளாக்குவது முஃமினுக்கு அழகல்ல. வாங்கினால் இன்னொரு மானைச் சுடச் சொல்லிப் பணம் கொடுத்தவர்களும் ஆவோம். ஆகவே வாங்கவும் வேண்டாம், அன்பளிப்பாக வந்தாலும் ஏற்கவும் வேண்டாம். தெரு முழுவதும் பங்கிட்ட அந்த அத்தாவின் நற்குணம் காட்டில் இல்லை. அவர் கையில் இருந்தது. ஓர் ஆட்டை அறுத்தும் அதைத் தொடரலாம்.

பெருநாளன்று பிள்ளைகளைக் கிண்டிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், கம்பிவேலிக்கு அப்பால் நிற்கும் மானைக் காட்டி, "இது ஹலாலான பிராணி, ஆனாலும் நாம் தொடமாட்டோம்" என்று சொல்லிக் கொடுக்கட்டும். ஹுதைபிய்யாவின் பாடம் அந்தப் பிஞ்சு உள்ளங்களில் பதியும்.

கைக்கு எட்டியதிலும் தன்னை அஞ்சி நடக்கும் தக்வாவையும், கைநழுவியதில் அழகிய பொறுமையையும், எளியோருக்கு நீதி கேட்கும் துணிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.