கட்டளையும் பொறுப்பும்

ஒருவன் மற்றொருவனுடைய கை எவ்வாறு அசைய வேண்டும் என்று விதிக்கிறான். எந்த வரிசையில் அசைய வேண்டும், எவ்வளவு விரைவில் அசைய வேண்டும், எந்த உடையில் நின்று அசைய வேண்டும் என்பவற்றையும் அவனே விதிக்கிறான். அக்கையின் உழைப்பால் விளையும் பணத்தில் ஒரு பங்கு தவறாது அவனை வந்தடைகிறது. ஆயின், அக்கைக்கு உரியவன் கூலி போதவில்லை என்று முறையிடும்போது, ‘நீ என் வேலையாள் அல்லன்’ என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இப்படிச் சொல்லச் சட்டம் பெரும்பாலும் இடமளித்தே வந்திருக்கிறது. அறம் இடமளிக்குமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

வினா கற்பனையானதன்று. மக்டொனால்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கொம்பனியின் பெயர் 100க்கு மேற்பட்ட நாடுகளில், 40,000க்கு மேற்பட்ட உணவுக் கடைகளின் முகப்பில் ஒளிர்கிறது. அவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்தைக் கொம்பனி தானே நடத்துவதில்லை. உரிமம் பெற்ற பிறர் நடத்துகின்றனர். இவ்வேற்பாட்டை உலகம் வியாபாரத் திறமை என்று போற்றுகிறது. திறமைதான், ஐயமில்லை. அத்திறமை எதில் அடங்கியிருக்கிறது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்ட், மொறிஸ் என்னும் மக்டொனால்ட் சகோதரர் இருவர் 1940இல் ஓர் உணவுக் கடை திறந்தனர். நன்றாக நடந்த அக்கடையை 1948இல் தாமே மூடி, முற்றிலும் புதியதொரு முறையில் மீண்டும் திறந்தனர். கார்களுக்குச் சென்று பரிமாறிய பெண்கள் நீக்கப்பட்டனர். பீங்கானும் கரண்டியும் போய்க் காகித உறை வந்தது. உணவு வகைகள் ஒன்பதாகச் சுருக்கப்பட்டன. அரைத்த மாட்டிறைச்சியை வாட்டி ரொட்டிக்குள் வைத்துத் தரும் ஹம்பர்கர் 15 சதத்துக்கு விற்கப்பட்டது. புதிய சமையலறை ஒன்றுக்காக அவர்கள் டென்னிஸ் திடலொன்றில் சுண்ணக்கட்டியால் கோடு கீறி, வேலையாட்களை வெறுங்கையுடன் நடமாடவிட்டு, ஒவ்வோர் அடியையும் அளந்து பார்த்தனர். 1913இல் ஹென்றி போர்ட் கார்த் தொழிற்சாலையில் செய்ததை இவர்கள் அடுப்படியில் செய்தனர் எனலாம். ஒரு சமையற்காரன் நின்ற இடத்தில் இறைச்சி வாட்டுபவன், கிழங்கு பொரிப்பவன், பால் கலக்குபவன், பொதி கட்டுபவன் எனப் பலர் நின்றனர். சமையல் அறியாத எவரையும் சில நாட்களில் இவ்வேலைக்குப் பழக்கலாம். பழகியவன் விலகிப் போனாலும் முதலாளிக்குப் பெரிய நட்டமில்லை. தொழிலாளியின் திறன் அவனை விட்டு நீங்கி இயந்திரத்திலும் ஒழுங்கிலும் குடியேறுவதை மார்க்ஸ் ஆலைகளில் கண்டு எழுதினார். அது உணவு சமைக்கும் கலைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் நம்மவருட் சிலர் அவசரப்பட்டு அம்முறையையே பழிக்க முற்படுவர். அது பொருந்தாது. சாமானிய மனிதன் தன் மனைவி மக்களுடன் சுத்தமான இடத்தில், எவருடைய ஏளனப் பார்வைக்கும் ஆளாகாது, தன் சட்டைப் பைக்கு எட்டிய விலையில் உண்பது சிறுமையான காரியமன்று. 1918இல் லெனின், டெயிலரின் வேலைமுறையில் சுரண்டலின் நுட்பமும் விஞ்ஞானத்தின் சாதனையும் ஒருங்கே கலந்திருப்பதைச் சுட்டி, சோவியத் தொழிலாளர் அதனைக் கற்க வேண்டுமென எழுதினார். அடுத்த ஆண்டிலே பொது உணவுச்சாலைகளைப் பொதுவுடைமையின் இளந்தளிர்களுள் ஒன்றாக அவர் எண்ணினார். பெண்ணை அடுப்படி அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் வழியாக அவற்றைக் கண்டார். 1990 ஜனவரி 31இல் மொஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் மக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது முதல்நாளிலேயே 30,000க்கு மேற்பட்டோர் சென்றனர். அந்த நீண்ட வரிசையை வெறும் மயக்கமென்று தள்ளிவிடுவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். (அக்கொம்பனி 2022இல், உக்ரைன் யுத்தத்தையடுத்து, ரஷ்யாவை விட்டு வெளியேறிற்று.)

ஆகவே நமது வழக்கு அடுப்புடனன்று, ஒப்பந்தத்துடனாகும். பால் கலக்கும் இயந்திரங்களை விற்று வந்த ரே குரொக் என்பவர் 1954இல் சகோதரரின் கடையைக் கண்டார். அதனைப் பிரதி செய்யும் உரிமையைப் பெற்று, 1955 ஏப்ரல் 15இல் இலினோய் மாநிலத்து டெஸ் பிளேன்ஸ் நகரில் தம் முதற் கடையைத் திறந்தார். உரிமம் பெற்றவர் விற்பனையில் நூற்றுக்கு 1.9 பங்கைச் செலுத்த வேண்டும், அதில் 0.5 சகோதரருக்குச் சேரும். இந்தச் சில்லறை வருமானத்தில் கொம்பனி தள்ளாடியது. அப்போது ஹரி சொன்போர்ன் என்னும் நிதியறிஞர் ஒரு வழி கண்டார். 1956இல் இதற்கென ஒரு காணிக் கொம்பனி நிறுவப்பட்டது. அது நிலத்தையும் கட்டடத்தையும் குத்தகைக்கெடுத்து, கூடிய வாடகைக்குக் கடைக்காரருக்கே மீண்டும் விடும். விற்பனை உயர்ந்தால் வாடகையும் உயரும். பின்னர் நிலங்களைச் சொந்தமாகவே வாங்கவும் தொடங்கினர். இன்றும் கடைக்காரரிடமிருந்து கொம்பனி பெறும் வருமானத்தில் வாடகையே பெரும் பங்கு. உலகின் பெயர்பெற்ற உணவு வியாபாரி உண்மையில் ஒரு நிலச்சுவாந்தர்! பழைய நிலச்சுவாந்தர் குடியானவன் எப்படி உழுகிறான் என்று கவலைப்பட்டதில்லை. இவரோ 1958இல் 75 பக்கக் கைநூல் எழுதி, 1961இல் ஹம்பர்கர் பல்கலைக்கழகம் என்றொரு பயிற்சிக்கூடமும் நிறுவி, அடுப்படியின் ஒவ்வோர் அசைவையும் வகுத்துக் கொடுத்தார்.

சகோதரருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுவோம். 1961இல் அவர்கள் 27 இலட்சம் டொலருக்கு உரிமை அனைத்தையும் விற்றனர். தம் முதற் கடையைக் கைவிடாது வைத்திருந்தபோதிலும், அதற்குத் தம் சொந்தப் பெயரைச் சூட்டும் உரிமையை இழந்தனர். குரொக் அதன் அருகிலேயே மக்டொனால்ட்ஸ் கடையொன்றைத் திறந்தார். சகோதரரின் கடை நலிந்து மூடப்பட்டது.

‘கடைக்காரன் விரும்பியே கையொப்பமிட்டான், தொழிலாளியைச் சேர்ப்பவனும் சம்பளம் கொடுப்பவனும் அவனே, கொம்பனிக்கு இதில் என்ன?’ என்று கேட்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. கடைக்காரனும் முதலிட்டவன், ஆட்களை ஆள்பவன். அவனை அப்பாவியென்று நாம் வருணிக்கத் தேவையில்லை. எனினும் கட்டளை ஓரிடத்திலிருந்து புறப்பட்டுப் பல கைகளைக் கடந்து செல்வதால், புறப்பட்ட இடத்தின் பொறுப்பு தேய்ந்துவிடுமா? சிலப்பதிகாரத்தில் கோவலனை வெட்டியவன் ஒரு காவலன். பொய் சொன்னவன் பொற்கொல்லன். கண்ணகியின் முன் பாண்டியன் இவ்விருவரையும் காட்டித் தப்பிக்க முயன்றானல்லன். ஏவிய சொல் தன்னுடையதென்பதால் வினையும் தன்னுடையதென ஏற்றான். அரசர் மீது நமக்குப் பெரிய பற்றில்லை. ஆயினும் அந்த முடியாட்சிக் காலத்து அறவுணர்வு இன்றைய ஒப்பந்தத் தாளில் காணப்படவில்லையே!

அதிகாரம் வேண்டியபோது அத்தாள் ஊமையாக இருப்பதில்லை. நமது நாட்டில் 1998இல் கால்வைத்த இக்கொம்பனி, உள்ளூர் உரிமதாரருடன் தர நியமங்கள் பற்றி எழுந்த பிணக்கில் ஒப்பந்தத்தை முறித்தது. 2024 மார்ச்சில் 12 கடைகளும் மூடப்பட்டன. கடையின் தரை சுத்தமா என்று கேட்க நீளும் கை, அத்தரையைக் கூட்டுபவளின் கூலியைக் கேட்க மட்டும் ஏன் குறுகிவிடுகிறது?

2012 நவம்பரில் நியூயோர்க் நகரத்துத் துரித உணவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு 15 டொலர் கூலியும் தொழிற்சங்க உரிமையும் அவர்கள் கேட்டவை. அப்போது சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி 7.25 டொலர். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. 2014இல் தேசியத் தொழிலுறவுச் சபையின் தலைமைச் சட்ட அதிகாரி, கடைக்காரருடன் கொம்பனியையும் கூட்டு எசமானாகக் கருதலாமென்று கருத்துரைத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2019இல், கொம்பனி எசமானென்று தீர்க்கப்படாமலே சமரசத்தில் முடிந்தது.

இவற்றுள் நம் வினாவுக்கு மிக நெருங்கியது கலிபோர்னியாவில் 2023இல் நடந்தது. கடைக்காரர் தொழிற் சட்டத்தை மீறினால் தாய்க் கொம்பனியும் பதில் சொல்ல வேண்டுமென்று அங்கே ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. பேரம் நடந்தது. இறுதியில், நாடெங்கும் 60 அல்லது அதற்கு மேற்பட்ட கடைகளுள்ள துரித உணவு நிறுவனங்களின் தொழிலாளருக்கு 2024 ஏப்ரல் 1 முதல் மணிக்கு 20 டொலர் என்று சட்டமாயிற்று. தொழிலாளர் பெற்ற வெற்றி இது; சிறிதன்று. ஆயின் அதற்கு விலையாகச் சட்டமூலத்திலிருந்து நீக்கப்பட்டது, கொம்பனியைப் பொறுப்பாக்கும் அந்த வாசகமே. உரிமம் பெற்ற கடைகளில் உயர்ந்த கூலியைக் கொடுப்பவரோ கடைக்காரர். கொம்பனியின் வாடகை முன்போலவே அதற்குச் சேர்கிறது.