அறிந்ததன் பின்

சில காலத்துக்கு முன்னர், சவளக்கடைப் பக்கமாக ஒரு பள்ளிவாசல் வளவில் நடந்த வைத்திய முகாமுக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். அஸர் தொழுகை முடிந்திருந்தது. மேசைமேல் ஒரு கையடக்கத் தொலைபேசி, அதனோடு இணைந்து இயங்கும் சிறு கருவி. இளைஞர் ஒருவர் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். சில விநாடிகளில் திரையில் இலக்கம் தோன்றியது. அவர் அதை உரத்து வாசிக்க, மற்றொருவர் கொப்பியில் எழுதினார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. சீனி கூடுதலாக இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு வயோதிபத் தாய், "மகன், இத அறிஞ்சி நான் என்ன செய்யிற?" என்று கேட்டார். "கல்முனைக்குப் போய்க் காட்டுங்க உம்மா" என்றார் இளைஞர். தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆய்வுகூடம் நோயாளியைத் தேடி வரும் காலம் இது. 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் சியா குழுவினர், தொலைபேசியில் பொருத்தும் சிறு கருவியொன்றை ருவாண்டாவில் 96 பேரிடம் பரீட்சித்தனர். விரல் துளி இரத்தத்தில் எச்.ஐ.வி.யையும் சிபிலிசையும் அது 15 நிமிடத்தில் சோதித்தது. அதன் உற்பத்திச் செலவு 34 டொலர் என மதிப்பிட்டார்கள். நமக்கு அண்மையில், சென்னையில், தொலைபேசியால் விழித்திரையைப் படமெடுத்து, நீரிழிவால் வந்த பாதிப்பைக் கணினியே கண்டுபிடிக்குமா என்று ஆராய்ந்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், பார்வையைப் பறிக்கக்கூடிய பாதிப்பு உள்ளவர்களில் 99.1 வீதமானோரைக் கணினி சரியாகக் காட்டியது. அவ்வாறான பாதிப்பு இல்லாதவர்களில் 80.4 வீதமானோரையே அது சரியாக விடுவித்தது.

இவற்றின் பயனைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். சீனி வருத்தம் ஓசையின்றி வருவது. கண் மங்கிய பிறகு வைத்தியரிடம் போகிறவருக்கு இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை; முன்னரே போகிறவரின் பார்வையை லேசர் சிகிச்சை காக்கக்கூடும். மாரி காலத்தில் கிட்டங்கியில் வெள்ளம் பாதையை மூடினால் சவளக்கடையாருக்குக் கல்முனை தூரமாகிவிடும். அவ்வாறான ஊருக்குக் கருவி வருவது ரஹ்மத்துதான்.

ஆனால் சென்னை எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரிழிவுள்ள 1000 பேரில் 50 பேருக்குப் பார்வை பறிபோகும் ஆபத்து இருக்கிறதென வைத்துக்கொள்வோம். கருவி அந்த 50 பேரையும் ஏறத்தாழ முழுமையாகப் பிடித்துவிடும். கூடவே, அந்த ஆபத்தில்லாத சுமார் 186 பேரையும் "போய்க் காட்டுங்கள்" என்று அனுப்பும். அனுப்பப்படுபவர் ஐவரில் நால்வர் வீணாகப் பயந்தவர்கள். வசதியுள்ளவருக்கு அது ஒரு மாலைநேரச் சங்கடம். வயலில் நாட்கூலிக்கு நிற்பவருக்கோ ஒரு நாள் சம்பளம், ஓட்டோக் கூலி, சில இரவுகளின் தூக்கம். அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். அங்கே போய்ச்சேர்வது இலவசமல்ல. ஆகவே "மலிவான பரிசோதனை" என்னும்போது, அது யாருக்கு மலிவு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. செலவின் மிச்சப் பகுதி ஏழையின் தலையில் இறங்கியிருக்கலாம்.

இது புதிய சிந்தனையல்ல. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் நோய் தேடும் பரிசோதனைகளுக்குப் பத்து நிபந்தனைகளை வகுத்தார்கள். கண்டறியப்படும் நோய்க்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும், அதைக் கொடுப்பதற்கான வசதியும் இருக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட நமக்கு இந்த நிபந்தனைகளின் கனம் தெரியும்.

இன்னொன்று அமானிதம் பற்றியது. உரத்து வாசிக்கப்பட்ட அந்த இலக்கம் யாருடையது? ஒரு குமரின் சீனி அளவு ஊரில் பரவினால், அவளுக்குப் பேசிவந்த கலியாணம் குழம்பலாம். பிறர் குறையைத் துருவித் தேடுவதையும் பரப்புவதையும் தடுத்த மார்க்கம் நம்முடையது. நன்மை செய்யப் புறப்பட்டவர் என்பதால் அந்தத் தடை அவருக்குத் தளர்ந்துவிடாது. கொப்பியிலிருந்த இரகசியம் தொலைபேசிக்குப் போகும்போது, அது எங்கெல்லாம் போய்ச்சேரும் என்பது குத்தியவருக்கே தெரியாது. தனிநபர் தரவைப் பாதுகாக்க 2022இல் நமது நாட்டிலும் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் குரலைத் தாழ்த்தி வாசிப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சோதிக்காமலே விட்டுவிடலாமா? முடியாது. அறியாமல் வைத்திருப்பது இரக்கமாகாது. சோதிக்காதவரும் ஒரு முடிவை எடுத்தவரே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டுமென்று படித்தவர்கள் நாம். நோயை அறிவதும் அந்தக் கட்டுதலில் ஒரு பகுதி. ஆனால் கயிற்றின் ஒரு நுனியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது கட்டுதலாகாது.

அந்தத் தாய் பரிசோதனையை மறுக்கவில்லை. விரலை நீட்டினார், குத்தலைப் பொறுத்தார், பிறகுதான் கேட்டார். அறிவை ஒருவரிடம் ஒப்படைக்கிறவர், அதை அவர் சுமக்கத் துணை நிற்கவும் கடமைப்பட்டவர் என்றே நான் அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்கிறேன். அந்தக் கடமை பெரிய காரியமுமல்ல. எந்தக் கிளினிக், எந்த நாள் என்று துண்டில் எழுதிக் கொடுக்கலாம். கூட்டிப்போக ஆளில்லாதவருக்கு ஓட்டோ ஒன்றை ஒழுங்கு செய்யலாம். இரு கிழமை கழித்து, "போனீங்களா உம்மா?" என்று வீட்டு வாசலில் கேட்கலாம். 200 பேரைச் சோதித்தோம் என்று சொல்வதைவிட, 20 பேரைச் சோதித்து அந்த 20 பேரையும் பின்தொடர்ந்தோம் என்று சொல்வது கடினம். முகாமின் பெறுமதியை நான் அந்த இரண்டாவது கணக்கில்தான் பார்ப்பேன்.

அன்று அவர் பின்னால் எழுந்து போய் நானும் எதையும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.